இடது பக்க இரைச்சல்

செங்கல்வராயன் வேலை பார்த்த பிரஸ் ஷாப்பில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் கேட்காது. தோளில் தட்டுவார்கள், இல்லாவிட்டால் சின்னத் தகரத் துண்டை எடுத்து முதுகில் வீசுவார்கள். டீ வேண்டுமென்றால் கட்டை விரலை வாயருகே கொண்டுபோக வேண்டும். சூப்பர்வைசர் வருகிறார் என்றால் மீசையைத் தடவ வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த அந்த ஷெட்டில் பதினொரு பிரஸ்கள் காலை எட்டு மணியிலிருந்து தகரத்தை அடித்துக்கொண்டே இருக்கும். செங்கல்வராயன் ஏழு வருடமாக நான்காவது பிரஸ்ஸில் நின்றான். ஷெட்டிலேயே பெரிய பிரஸ் அவனுக்கு இடது பக்கம் இருந்தது.

அந்தப் பெரிய பிரஸ்ஸில்தான் எழுபத்து நாலாம் வருடம் பொங்கல் கழிந்த வாரத்தில் அய்யாசாமி என்பவரின் இரண்டு விரல்கள் போயின. அன்றிலிருந்து செங்கல்வராயனின் மனைவி சுசீலாவுக்குச் சோறு இறங்கவில்லை. மேனாம்பேட்டில் அவர்கள் குடியிருந்த வீட்டு வாசலில், தினமும் ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு நின்று அவன் சைக்கிள் வருகிறதா என்று பார்ப்பாள்.

"வேற எங்கனா போயேன்யா" என்றாள் ஒரு நாள். "ரேடியோ ரிப்பேரு அவ்ளோ படிச்சியே, அது எதுக்கு?"

அவன் எஸ்.எஸ்.எல்.சி.யில் தேறவில்லை. ஆனால் தபால் மூலம் ரேடியோ பாடம் படித்து முடித்திருந்தான். தெருவில் எவர் வீட்டு ரேடியோ நின்றாலும் அவனிடம்தான் வரும். அதை வைத்து ஒரு வேலை கிடைக்கும் என்று அதுவரை அவன் நினைத்ததில்லை.

எஸ்டேட்டிலேயே இரண்டு தெரு தள்ளி மணவாளன் என்பவர் ஒரு சின்ன ஷெட் வைத்திருந்தார். காது மந்தமான குழந்தைகள் படிக்கும் பள்ளிகளுக்கு அங்கே ஒரு கருவி செய்தார்கள். டீச்சர் மைக்கில் பேசினால் பிள்ளைகள் ஹெட்ஃபோனில் பெரிதாகக் கேட்கலாம். அந்த ஷெட்டின் கேட்டில் "டெஸ்டர் தேவை" என்று சாக்பீஸால் எழுதிய பலகை தொங்கியது. செங்கல்வராயன் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே போனான்.

மணவாளன் ஒல்லியானவர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர். சர்டிபிகேட்டைக் கையில் வாங்கவே இல்லை.

"இதெல்லாம் எல்லாரும் வச்சிருக்காங்க. நீங்களா ஒரு ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபையர் பண்ணிக் கொண்டு வாங்க. அடுத்த மாசம் மொத திங்கட்கிழமை. நான் காதுல மாட்டிப் பார்ப்பேன். சும்மா இருக்கும்போது சத்தமே இருக்கக் கூடாது. இரைச்சல் இருந்தா அதைத் தூக்கிட்டு வர வேணாம், வீட்டுலயே வச்சுக்குங்க."

ஐந்து வாரம் இருந்தது. வேலை கிடைத்தால் பிரஸ்ஸை விட்டுவிடலாம். கிடைக்காவிட்டால் நான்காவது பிரஸ்தான். சுசீலாவிடம் இதைச் சொன்னபோது அவள் இட்லிக்குப் பலகையில் கொட்டி வைத்திருந்த அரிசியை அள்ளி எடுத்துவிட்டு, அவன் வேலை செய்ய அந்தப் பலகையைத் துடைத்துக் கொடுத்தாள்.

மூர் மார்க்கெட்டில் ராணுவத்தில் கழித்துக் கட்டிய ஹெட்ஃபோன் ஒன்று கிடைத்தது. தடித்த ரப்பர் கிண்ணம் இரண்டு, நடுவே தோல் பட்டை. மாட்டினால் வெளிச் சத்தம் அடியோடு அடங்கிவிடும். அதை மாட்டிக்கொண்டு அவன் வாசலில் உட்கார்ந்திருந்தபோது, அதே தெருவில் குடியிருந்த முனியன் வந்தான். பிரஸ் ஷாப்பில் அவனும் ஒரு ஆப்பரேட்டர்.

"இன்னா மச்சான், ஆவடில டாங்கி ஓட்டப் போறியா? லைசென்ஸ் கீதா?"

"போடா. ஆம்ப்ளிஃபையர் கட்டறேன்."

"கட்டு கட்டு. மொதல்ல தலையக் கழட்டி வெளிய எடு. தவளை மாரி கீறே."

செங்கல்வராயன் போட்ட கணக்கு இதுதான். ரேடியோவில் கண்ணாடிக் குழாய் மாதிரி சிவந்து எரியுமே, அந்த வால்வு, மெல்லிய சத்தத்தை நன்றாகப் பெருக்கும். ஆனால் இந்தக் கனமான ஹெட்ஃபோனைத் தள்ள அதற்குத் தெம்பு போதாது. தள்ள வேண்டுமென்றால் நல்ல டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று தனியாக வேண்டும், அது அவன் கைக்கு எட்டாது. டிரான்சிஸ்டருக்குத் தள்ளும் தெம்பு உண்டு. ஆனால் அவனுக்குக் கிடைத்த டிரான்சிஸ்டர்களை முதல் கட்டத்தில் போட்டால் மணல் சலிப்பதுபோல் உஸ்ஸென்றது. எனவே முன்னால் வால்வு, பின்னால் டிரான்சிஸ்டர். இரண்டையும் சேர்த்து ஒரு பிஸ்கட் டின்னுக்குள் கட்டினான். டின் டீக்கடையில் வாங்கியது. மேலே துளை போட்டு வால்வை நிறுத்தினான்.

முதல் நாள் ஸ்விட்ச் போட்டதும் ஹெட்ஃபோனில் டொம் என்று ஒரு அடி. அதோடு டிரான்சிஸ்டர் செத்துவிட்டது. வால்வு பக்கம் இருநூற்றுச் சொச்சம் வோல்ட். அது ஏறும்போது நடுவில் இருந்த, கரன்ட்டைச் சேர்த்து வைக்கும் கண்டன்சர் வழியாக ஒரு குத்து விட்டிருக்கிறது. டிரான்சிஸ்டர் இருபது வோல்ட்டுக்குப் பிறந்தது, எப்படித் தாங்கும்? அவன் இரண்டு ஸ்விட்ச் வைத்தான். முதலில் வால்வு. அது சூடாகி நிதானத்துக்கு வந்த பிறகுதான் டிரான்சிஸ்டர். புது டிரான்சிஸ்டர் பிழைத்துக்கொண்டது.

அடுத்தது "ங்ங்" என்ற அடித்தொண்டை முனகல். எர்த் கம்பிகளை அவன் டின்னில் வசதிப்பட்ட இடத்திலெல்லாம் பற்ற வைத்திருந்தான். ஒன்பது இடம். எல்லாவற்றையும் பெயர்த்து எடுத்து ஒரே போல்ட்டில் கொண்டுவந்து முறுக்கினான். வால்வுக்குச் சூடு கொடுக்கும் இரண்டு கம்பிகளையும் ஜடை போலப் பின்னினான். முனகல் நின்றுவிட்டது. அந்த நிமிடம் அவனுக்கு வேலையே கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

அப்போதுதான் மற்றது கேட்டது. இடது பக்கம், மிக மெல்லியதாக, ஊசி முனை மாதிரி ஒரு "ஈஈ".

முதலில் வால்வை மாற்றினான். போகவில்லை. கண்டன்சர்களை ஒவ்வொன்றாக மாற்றினான். போகவில்லை. டின்னுக்கு மூடி போட்டான், செட்டுக்குக் கரன்ட் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மரைத் திருப்பி வைத்தான், பக்கத்து வீட்டு ட்யூப் லைட்டை அணைக்கச் சொல்லி வேண்டிக்கொண்டான். ஒரு தடவை, ரேடியோப் பாட்டை அதில் விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது, பிளக்கையே பிடுங்கினான். பாட்டு மெல்லத் தேய்ந்து அடங்கியது, "ஈஈ" மட்டும் நின்றது. கண்டன்சரில் இன்னும் கரன்ட் மிச்சம் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டான். அவன் அப்படி எண்ணியதில் தப்பில்லை. பிளக்கைப் பிடுங்கிய செட்டில் கை வைத்து இரண்டு முறை ஷாக் வாங்கியவன் அவன்.

சுசீலாவை மாட்டிக் கேட்கச் சொன்னான்.

"ஒண்ணும் கேக்கல."

"நல்லா கேளு. லெஃப்ட் பக்கம்."

"ஒண்ணியும் இல்லய்யா. கெணத்துக்குள்ள ஒக்காந்த மாரி கீது."

தன்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாள் என்று அவன் நினைத்தான். அதற்காகக் கொஞ்சம் கோபமும் வந்தது.

கெடுவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வந்தது. இடது கிண்ணம்தான் கெட்டது என்று முடிவு கட்டி, இரண்டு கிண்ணங்களையும் கழற்றி இடம் மாற்றிப் பூட்டினான். கெட்டது வலது பக்கம் போய்விட்டதால் இனி "ஈஈ" வலது காதில் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் மூர் மார்க்கெட்டுக்கு ஓடி இன்னொன்று வாங்கிவிடலாம்.

மாட்டினான். இடது பக்கமே கேட்டது.

கம்பிகளை மாற்றினான். இடது பக்கமே கேட்டது. அந்த நேரம் பார்த்துக் கரன்ட் போனது. அந்த வருடம் கரன்ட் போவது சோறு தின்பது மாதிரி வழக்கமாகிவிட்டிருந்தது. வால்வின் சிவப்பு மங்கிக் கறுத்தது. கண்டன்சர் காலியாகட்டும் என்று கொஞ்ச நேரம் பொறுத்தான். பிறகு ஹெட்ஃபோனின் பின்னை டின்னிலிருந்து உருவி மடியில் போட்டுக்கொண்டான். இப்போது அது எதோடும் ஒட்டியிருக்கவில்லை. "ஈஈ" நிற்கவில்லை.

ஹெட்ஃபோனைக் கழற்றினான். தெருவில் ஒரு மாடு, ஒரு சைக்கிள் மணி, யாரோ துணி துவைக்கும் சத்தம். இரைச்சல் தெரியவில்லை. உள்ளங்கைகளால் இரண்டு காதையும் அழுத்தி மூடினான். இடது பக்கம் அது இருந்தது.

அவன் ஹெட்ஃபோனைப் பலகையில் வைத்தான். பிறகு எழுந்து முனியன் வீட்டுக்குப் போனான். முனியன் வேப்பங்குச்சியால் பல்லை நோண்டிக்கொண்டிருந்தான்.

"டேய், உனக்குக் காதுல 'ஈஈ'ன்னு எதனா கேக்குதா?"

"வண்டா? அது மூணு வருசமா கீது. கல்யாணமான புதுசுல வந்துச்சு. பொண்டாட்டி பேச்சுதான் தங்கிக்கினு இருக்குதுன்னு உட்டுட்டேன்."

"டாக்டராண்ட காட்டலியா?"

"இன்னாத்த காட்றது? நம்ம ஷெட்டுல எவனுக்கு இல்ல? நல்லெண்ணெ காச்சி ஊத்துவானுங்க. வண்டு குளிச்சிட்டுத் தெம்பா பாடும்." அவன் குச்சியைத் தூக்கிப் போட்டான். "அப்போ மிஷினு நல்லாத்தானே கீது? எட்த்துக்கினு போ. வண்டப் பத்தி அந்தாளாண்ட வாயத் தொறக்காத."

சுசீலா இதைக் கேட்டுவிட்டு ஒரு கேள்விதான் கேட்டாள்.

"சொன்னா வேல குடுக்க மாட்டாரா?"

"டெஸ்டர் வேலைக்குக் காதுதானே முக்கியம்."

"அப்போ சொல்லாத."

அவனும் சொல்லாமல் இருப்பது என்றுதான் கிளம்பினான்.

மணவாளன் பிஸ்கட் டின்னைத் திறந்து, உள்ளே கம்பி போன வழியை விரலால் தொடர்ந்து பார்த்தார். ஹெட்ஃபோனை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு நிமிடம் ஆயிற்று.

"டின்னு தகரம், உள்ள இருக்கறது தங்கம்" என்றார். "ஏன் ரெண்டு ஸ்விட்ச்?"

அவன் செத்த டிரான்சிஸ்டரைப் பற்றிச் சொன்னான். அவர் தலையாட்டினார். பிறகு எழுந்துபோய்த் தம் கம்பெனி செட்டுகள் இரண்டைக் கொண்டுவந்து வைத்தார்.

"இதுல ஒண்ணு பள்ளிக்கூடத்துலேர்ந்து திரும்பி வந்தது. எது, என்ன கோளாறுன்னு கேட்டுச் சொல்லுங்க."

செங்கல்வராயன் முதல் செட்டை மாட்டினான். இடது பக்கம் "ஈஈ". இரண்டாவதை மாட்டினான். இடது பக்கம் "ஈஈ". இரண்டில் எதிலும் அது செட்டுடையதா தன்னுடையதா என்று அவனால் பிரிக்க முடியவில்லை. வலது பக்கம் இரண்டுமே சுத்தம். கொஞ்சம் யோசித்தான். ஹெட்ஃபோனைத் திருப்பி, இடது கிண்ணம் வலது காதில் வருகிற மாதிரி மாட்டினான். இரண்டாவது செட்டில் மெல்லிய சீழ்க்கை தெளிவாகக் கேட்டது. நிச்சயப்படுத்திக்கொள்ள மறுபடி நேராக, மறுபடி திருப்பி.

"ரெண்டாவது செட்டு சார். லெஃப்ட் சேனல். லேசா விசிலடிக்குது."

"சரிதான்" என்றார் மணவாளன். "ஆனா ஏன் திருப்பித் திருப்பி மாட்டறீங்க?"

பொய் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. பட்டை கடிக்கிறது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் விடை சரியாகச் சொன்ன திருப்தியில் இருந்தான். அந்த விடையை எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதையும் சொல்ல வேண்டும் போலிருந்தது.

"லெஃப்ட் காதுல எப்பவுமே ஒரு சத்தம் கேக்குது சார். பிரஸ்ல நின்னு வந்தது. நேத்துதான் தெரிஞ்சுது. அஞ்சு வாரமா அதைத்தான் இந்த டின்னுக்குள்ள தேடிக்கினு இருந்தேன்."

மணவாளன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவர் சிரிக்கவில்லை.

"எத்தனை வருஷம் பிரஸ்ல?"

"ஏழு."

"டெஸ்டிங் உங்களுக்குக் குடுக்க முடியாது. இன்னிக்கு வலது காதை வச்சு சமாளிச்சிட்டீங்க. ஒரு நாளைக்கு நாப்பது செட்டு வந்தா? நீங்க விட்ட விசில் ஒரு குழந்தை காதுல போய் உக்காரும்."

"சரிங்க சார்." அவன் டின்னை மூட ஆரம்பித்தான்.

"மூடாதீங்க. வயரிங் பெஞ்சுல ஆள் வேணும். சம்பளம் டெஸ்டருக்குக் கீழ, உங்க பிரஸ்ஸுக்கும் கொஞ்சம் கீழதான் இருக்கும். நாலு பொம்பளைங்க வேலை செய்யறாங்க. ஜமீலான்னு ஒருத்தங்கதான் அங்க சீனியர், அவங்க சொல்றதைக் கேக்கணும். ஒத்து வருமா?"

செங்கல்வராயன் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பார்த்தான். பெண்கள் குனிந்து வேலை செய்துகொண்டே பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி ஏதோ சொல்ல மற்றவர்கள் சிரித்தார்கள். சாதாரணக் குரலில் பேசினார்கள், அவர்களுக்குள் கேட்டது.

"வரேன் சார்" என்றான்.

மறுநாள் காலை பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசர் பார்த்தசாரதியிடம் போய் வேலையை விடுவதாகச் சொன்னான். அவர் காதருகே கையைக் குவித்தார். இன்னொரு தரம் சொன்னான். அவர் டீ கேட்கிறானோ என்று கட்டை விரலைக் காட்டினார். வேலையை விடுவதற்கு அந்த ஷெட்டில் எந்தச் சைகையும் இருக்கவில்லை. கடைசியில் ஒரு தகரத் தகட்டை எடுத்து, சாக்பீஸால், "வேலைய விட்டு நின்னுக்கிறேன். மாசக் கடைசி வரைக்கும் வருவேன்" என்று எழுதி நீட்டினான். அவர் இரண்டு முறை படித்தார். அந்தச் சாக்பீஸை வாங்கிக் கையெழுத்துப் போடுவதுபோல் கீழே ஒரு கோடு இழுத்தார், பிறகு பிரஸ்ஸைக் காட்டினார். செங்கல்வராயன் சட்டைப் பையிலிருந்து பஞ்சை எடுத்து இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டு நான்காவது பிரஸ்ஸுக்குப் போனான்.