மச்சானின் பாதித் தாடி

இன்று மச்சானுக்குச் சவரம் செய்ய உட்கார்ந்தேன். என் மனைவியின் அண்ணன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், இப்போது படுக்கையில்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். கீறினால் லேசில் நிற்காது என்று எங்கள் சாரம் பகுதிச் சலூன்காரர் கும்பிடு போட்டுவிட்டார். பிளாஸ்டிக் ரேசர் பட்டால் முகமெல்லாம் கொப்பளம். "என் பழைய கத்தியக் கொண்டா" என்றார் மச்சான். அந்த மடக்குக் கத்தி பெட்டியில் துருப்பிடித்துக் கிடந்தது.

மண்ணெண்ணெய் விட்டுத் துருவைத் துடைத்தேன். கல்லில் தண்ணீர் தெளித்து மெல்லத் தேய்த்தேன். அவருடைய பட்டாளத்து பெல்ட்டிலேயே தீட்டினேன். மொன்னைக் கத்திதான் இழுத்துக் கீறும் என்பதால் மனசு அடங்கவில்லை. தீட்டுவதும் கைமுடியை வழித்துப் பார்ப்பதுமாகக் காலை போய்விட்டது.

மனைவி பார்த்துவிட்டாள். "ரெண்டு கையும் மொழுமொழுன்னு ஆயிடுச்சு. இன்னும் என்னத்த பாக்கறீங்க?"

கட்டிலிலிருந்து மச்சான் குரல்: "அவருகிட்ட முடி தீந்துபோச்சும்மா. இனிமே என் தாடிதான் பாக்கி. வாய்யா மாப்ளே."

இடது கன்னம் முடித்தேன். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. வலது கன்னத்துக்குப் போகாமல் கத்தியை மடக்கி வைத்துவிட்டேன். தண்ணீர் குடிக்கிறேன் என்று வெளியே வந்தவன், வாசலில் இங்கும் அங்கும் நடந்துகொண்டே பேசுகிறேன்; எழுதப் படிக்கத் தெரியாத எனக்காகப் போன் எழுதிக்கொள்கிறது.

"மாப்ளே, பாதி மூஞ்சியோட எவ்ளோ நேரம் படுத்துக் கெடக்கறது?"

வலது கன்னத்துக்குத் தைரியம் சொல்கிறவர்கள் பேசி அனுப்புங்கள். எழுதி அனுப்பினால் எனக்குப் படித்துச் சொல்கிற ஆள், உள்ளே பாதித் தாடியோடு படுத்திருக்கிறார்.