சிவப்பை மஞ்சளாக்கிய தண்ணீர்

எனக்கும் எங்கள் ஊர் அடிபம்புக்கும் ஒரே வயது. நான் பிறந்த மாசம்தான் போர்வெல் லாரி வந்து பாறையைக் குடைந்ததாம். கல்மாவு புகைபோலப் பறந்து, கடைசியில் தண்ணீர் பீய்ச்சி அடித்தபோது வேடிக்கை பார்த்தவர்கள் எல்லோரும் நனைந்தார்களாம். நல்லம்பள்ளிப் பக்கம் எந்த ஊரிலும் இப்படித் தண்ணீர் கிடையாது என்று எங்கள் ஆட்களுக்குப் பெருமை. கண்ணாடிபோல இருக்கும், கோடையிலும் வற்றாது. ஊருக்கு வெளியே, ஏரிக்கரைக்குப் பக்கத்தில் இருந்த பழைய கிணற்றை எல்லோரும் மறந்தே போனார்கள்.

என் முன்பற்கள் ஏன் காவி நிறமாக இருக்கின்றன என்று பார்க்கிறவர்கள் கேட்பதுண்டு. பால்பல் விழுந்து புதுப்பல் முளைத்தபோதே அவை சுண்ணாம்பு தடவியதுபோலத் திட்டுத் திட்டாகத்தான் வந்தன. போகப்போகத் திட்டுகள் காவியாக மாறின. என் வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் அப்படித்தான். இருந்தாலும் பெரியப்பா என்னைத்தான், "வாடா, வெத்தலப்பாக்கு!" என்று கூப்பிடுவார். நான் ஒழுங்காகப் பல் விளக்குவதில்லை என்று அம்மா நினைத்தாள். உப்பு வைத்துத் தேய்த்தாள், அடுப்புக்கரி வைத்துத் தேய்த்தாள், கடைசியில் செங்கல் தூளுக்கும் வந்துவிட்டாள். ஈறில் ரத்தம் வந்ததே தவிர, காவி போகவில்லை.

அப்போது என் தங்கச்சி கைக்குழந்தை. அவளை மடியில் போட்டுக்கொண்டு அம்மா புலம்புவாள்: "இவன் ஆம்பளப் பையன், நாளைக்கு மீசைய வளத்து மறச்சுக்குவான். இவளுக்கும் இப்புடி மொளச்சா என்ன பண்றது?"

ஒருநாள் ஊர்த் தண்ணீரைச் சோதிக்க ஜீப்பில் ஒரு பெண் அதிகாரி வந்து இறங்கினார். எல்லோரும் மேடம் என்றார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். மரப்பெட்டியைத் திறந்து இரண்டு கண்ணாடிக் குழாய்களை எடுத்தார். ஒன்றில் அடிபம்புத் தண்ணீர். பெரியப்பா சைக்கிளில் போய்ச் சேந்திக்கொண்டு வந்த கிணற்றுத் தண்ணீர் இன்னொன்றில். ரோஜாப்பூ நிறத்தில் ஒரு மருந்தை இரண்டிலும் சொட்டுச் சொட்டாக விட்டார்.

கிணற்றுத் தண்ணீர் செக்கச் சிவந்து அப்படியே நின்றது. அடிபம்புத் தண்ணீரும் முதலில் சிவந்தது. பிறகு, யாரும் தொடாமலே, அந்தச் சிவப்பு வெளுத்தது. சூரியன் மேலே ஏற ஏற வானம் மாறுமே, அதுபோலக் குழாய்க்குள் நிறம் மாறி, பளிச்சென்று மஞ்சளானது. நான் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். அவ்வளவு சின்னக் குழாய்க்குள் அப்படி ஒரு காரியம் நடக்கும் என்று அதற்குமுன் எனக்குத் தெரியாது.

மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்தால் ரத்தச் சிவப்பாகும். அதுதான் ஆரத்தி. கண்பட்டதெல்லாம் அந்தச் சிவப்போடு போய்விடும் என்பது எங்கள் வீடுகளில் வழக்கம். அதனால் பெரியப்பாவுக்குச் சந்தேகமே இல்லை.

"பாத்தீங்களா! ஆரத்தி திரும்பி மஞ்சளாயிருச்சு. திருஷ்டி கழிஞ்சுபோச்சு! கெணத்துத் தண்ணியிலதான் தோஷம், இன்னும் செவப்பாவே நிக்குது பாருங்க."

மேடம் வாயைத் திறப்பதற்குள் அடிபம்புக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தாகிவிட்டது. தேங்காயும் உடைந்தது. மேடம் கையில் ஒரு மூடித் தேங்காயைக் கொடுத்துவிட்டார் பெரியப்பா.

மேடம் அதைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "ஏனுங்க, இது ஆரத்தி இல்லைங்க. பாறையில ஃபுளோரைடுன்னு ஒரு உப்பு இருக்குது. ஆழத்துத் தண்ணியில கரைஞ்சு வருது. அளவுக்கு மேல அது இருந்தாத்தான் இந்த மருந்து இப்படி மஞ்சளாகும். உங்க புள்ளைங்க பல்லக் காவியாக்குனது அந்த உப்புத்தான்."

"உப்பா? சக்கரையாட்டம் இனிக்குதுங்களே!" என்றார் பெரியப்பா.

"நாக்குக்குத் தெரியாதுங்க."

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "கொதிக்க வெச்சுக் குடுத்தா போயிருமுங்களா?"

"போகாதுங்க. தண்ணி வத்த வத்த உப்பு இன்னும் கூடத்தான் செய்யும். கெணத்துத் தண்ணிய வடிகட்டிக் காய்ச்சிக் குடுங்க."

அம்மா என்னைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள். மேடம் என் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். என் கண் முழுக்க அந்த மஞ்சள் குழாயில் இருந்ததால் அது காதில் ஏறவில்லை.

மறுநாளிலிருந்து அம்மா விடியுமுன் எழுந்து ஏரிக்கரைக் கிணற்றுக்குப் போனாள். கோடையில் கிணறு அடியில் கிடக்கும். கயிறு உள்ளங்கையை அறுக்க ஒரு குடம் சேந்தி இடுப்பில் வைத்துக்கொண்டு வருவாள். அது பாப்பாவுக்கு மட்டும்.

"ஒத்தக் கொடம் தண்ணிக்கு இத்தன நடையா? மஞ்சளாயிருச்சுன்னு பயந்துட்டியா அம்மிணி?" என்று பெரியப்பா சிரிப்பார். அம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு வடிகட்டும் துணியை எடுப்பாள்.

எனக்கோ வேறு யோசனை. ஒரு சொட்டு மருந்து கண்முன்னே நிறத்தை மாற்றுகிறதென்றால், நல்ல தண்ணீர் என் பல்லை மாற்றாதா? "எனக்கும் அந்தத் தண்ணி குடும்மா, பல்லு வெள்ளையாயிரும்" என்றேன்.

 அம்மா பாப்பாவின் குடத்திலிருந்து ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தாள். மண்வாசத்தோடு சப்பென்று இருந்தது. ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கண்ணாடியிடம் ஓடினேன். தினமும் ஓடினேன்.

பல வருஷம் கழித்து, பால்பல் விழுந்து, தங்கச்சிக்கு அரிசிபோல வெள்ளையாகப் புதுப்பல் முளைத்தது. அன்றைக்கு அம்மா சொல்லித்தான் மேடம் அப்போது என்ன சொன்னார் என்று தெரிந்தது. ஈறுக்குள் இருக்கும் பல்லைக் காப்பாற்றலாம், முளைத்துவிட்ட பல்லில் ஏறிய கறையை எந்தத் தண்ணீரும் எடுக்காது.

அது தெரிந்தேதான் அவள் எனக்கு ஊற்றியிருக்கிறாள். நான் கேட்ட நாளிலிருந்து கிணற்றுக்கு இரண்டு நடை போனாள். அந்த இரண்டாவது நடை எதற்கென்று எனக்கு அப்போது கேட்கவே தோன்றவில்லை.