ஞானத்தகப்பன் பெயரைத் தேடியவள்

எங்கள் ஊர் நகராட்சிக் கட்டடத்துக்கு எதிரே இருபத்திரண்டு வருஷமாக எர்மினியா லாண்டெரோஸ் கொர்தீத்தா என்ற பலகாரம் விற்றாள். சோளமாவைத் தடிமனாகத் தட்டிக் கல்லில் சுட்டு, நடுவே கீறிப் பயறோ பன்றிக்கறியோ அடைத்துக் கொடுப்பாள். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. அடுத்த கடையில் செருப்புத் தைப்பவன் நான். அதனால் நடந்ததெல்லாம் எனக்குத் தெரியும்.

அவள் அப்பா மாசெதோனியோவுக்கு அப்போது எண்பத்தொன்று. உள்நாட்டுச் சண்டைக் காலத்தில் பிறந்தவர். மூன்று வயதில் விஷக்காய்ச்சலுக்குத் தாயைப் பறிகொடுத்தார். லாண்டெரோஸ் குடும்பம் எடுத்து வளர்த்துத் தங்கள் பெயரையே கொடுத்தது. தாயின் பெயரை மட்டும் யாரும் சொல்லவில்லை. கேட்கத் தோன்றிய வயதில் சொல்ல ஆளில்லை. நவம்பரில் இறந்தவர்களுக்குப் படையல் வைக்கும்போது ஒரு மெழுகுவர்த்தியை மட்டும் பெயர் சொல்லாமல் ஏற்றுவார். அந்த வருஷம் ஏற்றிவிட்டுக் கேட்டார்:

"நான் போய்ச் சேர்ந்தா, அங்க அவளை என்னன்னு கூப்பிடுவேன்?"

மறுநாள் எர்மினியா அடுப்பை அணைத்துவிட்டு எதிரே இருந்த பதிவு அலுவலகத்துக்குப் போனாள். குமாஸ்தா நாற்காலியை விட்டு எழவே இல்லை.

"உங்கப்பா பிறந்த வருஷத்து ஏடெல்லாம் சண்டையில குதிரைக்காரனுங்க கொளுத்தினதுல போச்சுக்கா. உங்களுக்குத் தெரியாததா? போய் எனக்கு ரெண்டு அனுப்புங்க."

"பயறா, கறியா?"

"கறி."

"கறி தீர்ந்துபோச்சு," என்றாள். தீரவில்லை, பாத்திரத்தில் பாதி இருந்ததை நான் பார்த்தேன்.

பங்குக் கோயிலிலும் சண்டை நடந்த ஐந்து வருஷத்துக்கு ஞானஸ்நான ஏடு இல்லை. சாமியாரே ஓடி ஒளிந்திருந்த காலம் அது. எர்மினியா அப்பாவிடம் திரும்பி வந்து, சின்ன வயதில் பார்த்தவர்களில் யார் யார் ஞாபகம் இருக்கிறார்கள் என்று துருவினாள்.

"திரினிதாத் மால்தொனாதோன்னு ஒருத்தர். வருஷம் தவறாம கழுதையில வந்து ஒரு பை வேர்க்கடலை கொடுத்துட்டுப் போவாரு. ஞானஸ்நானத்துல என்னைத் தூக்கி நின்ன ஞானத்தகப்பன்னு சொல்வாங்க."

"ஞானத்தகப்பன் இருந்தா ஞானஸ்நானம் நடந்திருக்கணும்ப்பா. இங்க சாமியார் இல்லன்னா, சாமியார் இருந்த ஊருக்கு உங்களைத் தூக்கிட்டுப் போயிருக்கணும்."

அன்றிலிருந்து திங்கட்கிழமைகளில் கடை கிடையாது. பஸ் ஏறிச் சுற்றுவட்டாரக் கோயில்களுக்குப் போனாள். ஏடுகளின் கடைசியில் குழந்தைகளின் பட்டியல் குடும்பப் பெயர் வரிசையில் இருக்கும். எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். லாண்டெரோஸ் என்பது பிற்பாடு வந்த பெயர், அதில் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். ஆகவே ஒவ்வொரு பதிவையும் முழுக்க வாசித்து, ஞானத்தகப்பன் இருக்கும் வரியில் திரினிதாத்தைத் தேடினாள். எழுத்தோ கோழிக் கிறுக்கல். கடையில் ஆள் இல்லாத நேரம் அந்த எழுத்துகளை நோட்டில் எழுதி எழுதிப் பழகினாள். ஒருநாள் நோட்டை என் முன்னால் நீட்டினாள்.

"அண்ணே, இது என்ன எழுத்துன்னு பாருங்க."

"செருப்பு ஊசி மாதிரி இருக்கு," என்றேன்.

"உங்ககிட்ட கேட்டேன் பாருங்க."

ஒரு வருஷம் எட்டு மாதம் போயிற்று. மூன்றாவதாகப் போன சாந்தா ரீத்தா ஊர்க் கோயிலில், 1915ஆம் வருஷத்து ஏட்டில், திரினிதாத் மால்தொனாதோ கிடைத்தார். அவர் தூக்கி நின்ற குழந்தை மாசெதோனியோ. தாய் சதுர்னீனா இபார்ரா, வயது பதினேழு, மணமாகாதவள். தகப்பன் பெயர் இல்லை.

இரண்டு நாள் அவள் இதை அப்பாவிடம் சொல்லவில்லை. என்னிடம்தான் சொன்னாள்.

"பேரை மட்டும் சொல்லு. மத்தது இந்த வயசுல அவருக்கு எதுக்கு?" என்றேன்.

"பாதியை நான் மறைச்சா, ஏட்டைக் கொளுத்தினவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்ண்ணே?"

அன்று மாலையே சொல்லிவிட்டாள். கிழவர் தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டார்:

"சாந்தா ரீத்தாவுக்கு என்னை யாரு தூக்கிட்டுப் போனது?"

"அம்மாதான். தாய் நேரில் வந்தாள்னு எழுதியிருக்கு."

"சண்டை நடக்கிறப்ப, அவ்வளவு தூரம்?"

"ஆமாப்பா."

"அப்ப என்னை மறைச்சு வைக்கல," என்றார். பிறகு அந்தப் பெயரை மெல்லச் சொல்லிப் பார்த்தார், பல் இல்லாத வாயில் அது சரியாக உட்காரும்வரை.

அடுத்த திங்கட்கிழமை மூவரும் பஸ்ஸில் போனோம். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை ஏட்டை மேசையில் விரித்து வைத்தார். மாசெதோனியோவுக்குப் படிக்கத் தெரியாது. எர்மினியா அவர் விரலைப் பிடித்து அந்த வரியில் வைத்தாள்.

"இதுவா?"

"இதுதான் அவங்க. பக்கத்துல நீங்க."

கோயில்பிள்ளை ஏட்டைத் தொடாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தார். கிழவர் முகத்தைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். விரல் அங்கேயே இருந்தது. வெளியே மதிய மணி அடித்து ஓய்ந்த பிறகுதான் கிழவர் நிமிர்ந்தார்.

"பசிக்குதும்மா," என்றார்.