பக்கவாசலுக்கு எதிரே வெள்ளைக்கோடு

எங்கள் நெடுஞ்சாலை ஆபீசில் நடராஜ் பெயரை யாராவது எடுத்தாலே வேதநாயகத்துக்கு டீ கசந்துவிடும். அப்படியொரு வயிற்றெரிச்சல்.

வேதநாயகம் பாளையங்கோட்டையில் பல வருஷமாகச் சாலைப் படம் வரைகிறவர். யார் வேலையையும் நல்லது என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். தொண்ணூற்றாறில், நடந்து போகிறவர்கள் எங்கெங்கே அடிபடுகிறார்கள் என்று பார்த்து மாநிலம் முழுக்கத் திட்டம் போடச் சொல்லி மெட்ராஸிலிருந்து உத்தரவு வந்தது. என்ஜினீயர் அந்த வேலையை நேற்று வந்த நடராஜிடம் கொடுத்தார். அன்றைக்கு வேதநாயகம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனார்.

நடராஜ் முதலில் எடுத்தது வேதநாயகம் போகிற சர்ச் இருக்கும் சாலை. பஸ்கள் பறக்கிற இடம். பெரிய வாசலுக்கு எதிரே, ஆட்கள் ரோட்டைக் கடக்க வெள்ளைக்கோடு என்று படத்தில் குறித்திருந்தான். அந்தச் சர்ச்சில் ஆண்கள்தான் பெரிய வாசலில் வருவார்கள். பெண்களும் பிள்ளைகளும் பக்கவாசல் வழியே வந்து நேரே ரோட்டைக் கடப்பார்கள். சைவ வீட்டுப் பையனுக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது?

“எப்படி இருக்கு அண்ணாச்சி?” என்றான் நடராஜ்.

“அருமையா இருக்குவே. அப்படியே போடும்.”

வீடு போகிற வரைக்கும் அவருக்குச் சிரிப்புத்தான்.

சனிக்கிழமை சாயந்தரம் கோடு போட்டார்கள். மறுநாள் மெட்ராஸ் அதிகாரிகள் பார்வையிட வந்தார்கள். நடராஜ் அசிங்கப்படுவதைப் பார்க்க வேதநாயகம் ஆராதனைக்குக்கூடப் போகாமல், முடிகிற நேரத்துக்கு எதிர் டீக்கடைக்கு வந்தார். பெரிய வாசலுக்கு எதிரே கோட்டையே காணோம்! அது பக்கவாசலுக்கு எதிரே பளிச்சென்று கிடந்தது. பஸ்கள் நிற்க, பெண்கள் பிள்ளைகளோடு பைய நடந்துவந்தார்கள். முன்னால் வேதநாயகத்தின் மனைவி கரோலின் வந்தாள். ரோட்டோரத்தில் ஓர் அதிகாரி நடராஜின் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

வேதநாயகத்துக்குப் பொறுக்கவில்லை. கடையிலிருந்து நேரே அவர்களை நோக்கி ரோட்டில் பாய்ந்தார். ஒரு பஸ் கிறீச்சிட்டு நின்றது.

“ஓய், அங்கன கோடு போட்டிருக்குல்லா! கண்ணு தெரியலியா?” என்று டிரைவர் கத்தினார்.

“எல்லாரும் கோட்டுல வர்றாங்க. இவர் யாரு?” என்றார் அதிகாரி.

“எங்க வீட்டுக்காரருதான்” என்ற கரோலின், அவர் கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தாள். “நீங்க வாயால அருமைன்னு சொன்னியளாமே. அதுலயே அந்தத் தம்பிக்குச் சந்தேகம் வந்து, நம்ம வீட்டுக்கே வந்து எங்கிட்ட விசாரிச்சிச்சு. நானும் பிள்ளையளும் எந்த வாசல்ல வாரோம்னு உங்களுக்குத் தெரியாதா?”

வேதநாயகம் திரும்பிக் கோட்டைப் பார்த்தார். ஒரு விரல் பிசகாமல் நேராக இருந்தது. அதுவும் அவருக்கு எரிந்தது.