பரமானந்தம் கறவையை நிறுத்திய கதை

கொடைக்கானல் ஏரிப் பக்கம் ஒரு விடுதியில் ரூம் பாயாகச் சேர்ந்து, ரூம் பாய்களின் கேப்டனாக ஓய்வு பெற்ற பரமானந்தம், தம் உத்தியோகக் காலம் முழுவதும் விருந்தாளி எவரிடமும் 'இல்லை' என்று சொன்னதே கிடையாது. மற்றவர்கள் வாங்கிய பட்டத்தைச் சொல்லிக்கொள்வதுபோல இதை அவர் சொல்லிக்கொள்வார். குழாயில் வெந்நீர் வராத நாளில், "வந்துகிட்டே இருக்கு சார்" என்பார். எதிர்ச்சுவரே தெரியாதபடி பனி மூடிய பகலில் ஏரி எப்போது தெரியும் என்று கேட்டால், "பத்து நிமிஷம் சார்" என்பார். கேட்டவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு வத்தலக்குண்டு போய்ச் சேர்ந்த பிறகும் அந்தப் பத்து நிமிஷம் முடிந்திருக்காது. ஆனாலும் அவர் சிரித்த முகத்தைப் பார்த்து யாருக்கும் கோபம் வந்ததில்லை. டிசம்பரில் விடுதி நிரம்பி வழியும் என்பதால், கிறிஸ்துமஸ் பூசைக்கு அவர் மனைவி லீமா வருஷா வருஷம் தனியாகத்தான் போய்வருவாள்.

ஓய்வு பெற்று அட்டுவம்பட்டி வீட்டில் உட்கார்ந்ததும், காலையில் எழுந்து யாருக்குக் காபி கொண்டுபோவது என்று தெரியாமல் தவித்தார். லீமாவோ தன் காபியைத் தானே போட்டுக் குடித்துப் பழகிவிட்டவள். அந்தத் தவிப்பில்தான் மாடு வாங்கினார்.

பள்ளங்கியில் கந்தவேல் விற்ற செவலைப் பசு அது. ஜெர்சி கலப்பு. ஐந்து மாதச் சினை, கறவையும் இருந்தது. கயிற்றைக் கைமாற்றும்போது கந்தவேல் சொன்னார்: "சாதுண்ணே, கொழந்தை மாதிரி. ஏழு மாசம் திரும்புனதும் கறக்குறத மட்டும் நிப்பாட்டிருங்க. மறந்துறாதீங்க."

"ஓகே சார்" என்றார் பரமானந்தம். அவர் மறந்துபோன காரியங்கள் எல்லாமே இந்த 'ஓகே சார்' சொல்லி வாங்கிக்கொண்டவைதான்.

மாடு வந்த நாளிலிருந்து கொட்டகை ஒரு விடுதி அறையாகிவிட்டது. விடிந்ததும் வாளியில் வெந்நீர் போகும். குளிருக்கு முதுகில் பழைய பூப்போட்ட விரிப்பு. கேரட்டைக் கழுவி, வட்ட வட்டமாக நறுக்கித் தட்டில் வைத்து நீட்டுவார். மாட்டை அவர் 'மேடம்' என்றுதான் கூப்பிட்டார். "மேடம், கொஞ்சம் நகந்துக்கிறீங்களா? சாணி அள்ளணும்." கழுத்து மணி லேசாகக் குலுங்கினாலும் போதும், சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு ஓடுவார். மாடு காதை ஆட்டினாலும் மணி அடிக்கும் என்பது அவருக்குப் புரிய ஒரு வாரம் ஆனது. புரிந்த பிறகும் ஓடினார்.

"ஏங்க, நீங்க மாட்ட வாங்கினீங்களா, மாமியார வாங்கினீங்களா?" என்றாள் லீமா.

கறந்த பாலில் முக்கால்வாசி சைமனுக்குப் போனது. விடுதியில் பரமானந்தத்தின் கீழ் பெட்டி தூக்கிய பையன்தான் சைமன். இப்போது அதே தெரு வளைவில் ஹோம்ஸ்டே நடத்துகிறான். பால் வரத் தொடங்கியதும் வாசலில் ஒரு பலகை மாட்டினான்: 'எங்கள் மாட்டுப் பால், எங்கள் காபி.' அந்த 'எங்கள்' உங்களையும் சேர்த்துத்தான் அண்ணே என்று விளக்கமும் கொடுத்தான். பரமானந்தம் பூரித்துப் போனார். போகிற வருகிற சாக்கில் தினமும் ஒருமுறை அந்தப் பலகையைப் படித்துவிட்டு வருவார்.

சீசன் சூடு பிடித்த ஏப்ரல் கடைசியில் கால்நடை மருத்துவர் ஸ்வேதா வந்தார். சின்ன வயது, வேகமான பேச்சு. கையுறை மாட்டிச் சோதித்துவிட்டு, "ஏழு மாசம் முடிஞ்சாச்சு. இன்னுமா கறக்குறீங்க?" என்றார்.

"மேடம் தானா விரும்பித்தான் குடுக்குறாங்க, மேடம்."

"யாரு?"

பரமானந்தம் மாட்டைக் காட்டினார். மருத்துவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சொன்னார். "ஐயா, கேளுங்க. வயித்துல கன்னு எடை போடுறதே இந்தக் கடைசி ரெண்டு மாசத்துலதான். இப்பவும் கறந்தா, திங்கிறதெல்லாம் பாலாப் போயிரும். கன்னு நோஞ்சானாப் பொறக்கும். பொறந்ததும் குடிக்கச் சீம்பாலும் தேறாது. அதனால கறவைய இன்னையோட நிறுத்துங்க. ஒரு வாரம் தவிடு புண்ணாக்கு வேண்டாம், வெறும் வைக்கோல் போதும். மடி வத்துனதும் திரும்ப நல்லாப் போடலாம். ரெண்டு மூணு நாள் மடி கட்டும், கத்தும். பாவம்னு கொஞ்சம் கறந்து விட்டீங்கன்னா திரும்ப ஊறும். தொடவே கூடாது. சரியா?"

"ஓகே மேடம்."

மறுநாளே சோதனை ஆரம்பித்தது. தட்டில் கேரட்டுக்குப் பதில் வைக்கோல் வந்ததும் மாடு அதை முகர்ந்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தது. மெனு கார்டில் உள்ளது சமையலறையில் தீர்ந்துபோய்விட்டது என்று கேள்விப்பட்ட விருந்தாளியின் அதே பார்வை. பரமானந்தத்துக்குக் காது சிவந்தது. சாயங்காலம் மடி பானைபோல் விம்மியது. மாடு 'ம்மா' என்று அழைத்தது, மணி குலுங்கியது. அவர் கொட்டகை வாசல்வரை போனார், திரும்பினார், மறுபடி போனார். வாழ்நாளில் மணி அடித்தும் பதில் சொல்லாமல் இருந்த ஒரே இரவு அது என்று பிறகு சொன்னார்.

தாக்குப் பிடித்தது அந்த ஒரு இரவுதான். விடிந்தால் ஞாயிற்றுக்கிழமை. லீமா கோயிலுக்குப் போயிருந்தாள். மாடு மறுபடி அழைத்தது. வலி குறைய ஒரு டம்ளர் அளவு மட்டும் என்று உட்கார்ந்தவர் எழுந்தபோது செம்பு நிரம்பியிருந்தது. அந்த நேரம் பார்த்துச் சைமன் வாசலில் நின்றான்.

"அண்ணே, வீடு முழுக்க ஆளு. கோயமுத்தூர் பார்ட்டி. பலகையப் பாத்துட்டுத்தான் உள்ளயே வந்தாங்க. கை விட்றாதீங்க."

நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள் தம்பி, பால் இல்லை. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. பரமானந்தம் வாயைத் திறந்தார். "இந்தா வந்துருச்சு" என்று அவர் வாய் சொன்னது. கை செம்பை நீட்டியது.

அன்று தொடங்கிய திருட்டு தினமும் நடந்தது. லீமா எழுவதற்குள் வெள்ளனே கொட்டகைக்குப் போவார். வைக்கோலைத் தின்று, பாலையும் கொடுத்து, மாட்டின் விலா எலும்புகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அதைப் பார்க்காமல் இருப்பதற்காகவே பூப்போட்ட விரிப்பை இழுத்து இழுத்து மூடினார்.

இரண்டு வாரம் கழித்து ஸ்வேதா மறுபடி வந்தார். "கறக்கலதானே?"

"இல்ல மேடம்" என்றார் பரமானந்தம்.

ஆயுசில் முதல்முறையாக அந்தச் சொல்லைச் சொன்னார், சொன்னது பொய். மருத்துவர் குனிந்து காம்பைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். பால் நேராகப் பாய்ந்து பரமானந்தத்தின் செருப்பில் விழுந்தது. லீமா அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள்.

மருத்துவர் விரிப்பை விலக்கி விலாவில் கையை வைத்தார். "உங்களுக்குக் கன்னு வேணுமா, காபி வேணுமா? எங்கிட்டச் சொல்ல வேண்டாம், நீங்களே முடிவு பண்ணிக்குங்க. ஏற்கெனவே ரெண்டு வாரம் போச்சு. கன்னு எப்படி வரும்னு இனி நான் சொல்ல முடியாது." மடியைச் சுத்தமாகக் கறந்து கீழே ஊற்றச் சொல்லி, காம்புகளில் மருந்து ஏற்றினார். "இனிமே இதுல வர்றத மனுசன் குடிக்கவும் கூடாது."

அவர் போனதும் பரமானந்தம் தலை குனிந்து நின்றார். கன்று என்ற ஒன்று உள்ளே இருக்கிறது, அதுவும் சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அதற்கு மணி கிடையாது. அதனால்தான் அதை அவர் கவனிக்கவில்லை.

லீமா திட்டவில்லை. அவர் விடுதியிலிருந்து நினைவாகக் கொண்டுவந்திருந்த வெள்ளைத் துண்டில் ஒரு முழம் கிழித்து, மாட்டின் கழுத்து மணிக்குள் அடைத்தாள். "மணி அடிச்சாத்தானே ஓடுறீங்க" என்றாள். "போய்ப் படுங்க. நான் பாத்துக்குறேன்."

நாலைந்து நாள் மாடு கத்தியது. பரமானந்தம் தலையணையைக் காதில் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். பிறகு மடி தளர்ந்து, பால் வற்றி, மாடு அசை போட்டுக்கொண்டு நிம்மதியாகப் படுத்தது. தவிடும் புண்ணாக்கும் திரும்பி வந்தன. மெதுவாக நடக்கவும் வைத்தார்கள். விலா எலும்பு மறைந்தது. உள்ளே இருப்பது தேறியதா என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. பரமானந்தம் தினமும் வயிற்றில் கையை வைத்து, "உள்ள எல்லாம் சௌகரியமா?" என்று விசாரித்துவிட்டு வருவார். சில நாள் உள்ளிருந்து ஒரு உதை பதிலாக வரும். அன்றைக்குக் கூடுதலாக ஒரு தோசை சாப்பிடுவார்.

சைமனிடம் மட்டும் இன்னும் சொன்னபாடில்லை. அவன் கேட்ட ஒவ்வொரு நாளும் "வந்துகிட்டே இருக்கு தம்பி" என்றார். இவரிடமே தொழில் பழகியவன் ஆயிற்றே; அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியாதா? மூன்றாம் நாளிலிருந்து கேட்பதை விட்டுவிட்டான். பாவம், பலகையைக் கழற்றியிருப்பான், அவன் தொழிலைக் கெடுத்துவிட்டோமே என்று இவர் அந்தத் தெரு வளைவுப் பக்கமே போகாமல் சுற்றிப் போனார்.

மே கடைசியில் ஒரு குடும்பம் மாட்டைப் பார்க்க வீடு தேடி வந்தது. பிள்ளைகள் மாட்டோடு படம் எடுத்துக்கொண்டன. "இந்த மாடுதானா? சைமன் சொன்னாரு" என்றார் குடும்பத் தலைவர். "காலையில ரெண்டு காபி குடிச்சேன். எங்க ஊர்ல பாக்கெட் பாலக் குடிச்சுக் குடிச்சு நாக்கே செத்துப்போச்சுங்க. பாலுன்னா இதுதான் பாலு!"

மாடு பால் வற்றி இரண்டு வாரம் ஆகியிருந்தது.

பரமானந்தம் மாட்டைப் பார்த்தார். அந்த மனிதரைப் பார்த்தார். "தேங்க்யூ சார்" என்றார். எந்தக் காபிக்காக ஒரு கன்றின் உயிரைப் பணயம் வைத்தாரோ, அந்தக் காபி அவர் மாடு இல்லாமலே ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. சைமனைப் போய்ப் பிடித்து நாலு வார்த்தை கேட்கலாம் என்று கிளம்பினார். என்னத்தைக் கேட்பது? பாதி வழியில் திரும்பிவிட்டார்.

தூறலும் மூடுபனியுமாக இருந்த ஒரு ஜூன் மாத மத்தியானம் மாடு ஈன்றது. முன்னங்கால் இரண்டும் அவற்றின்மேல் மூக்கும் ஒழுங்காக வர, லீமா பிடித்து லேசாக இழுத்தாள். கிடாரிக் கன்று, சின்னது, பூனைக்குக் கால் நீட்டி விட்டாற்போல. எழுந்தது, விழுந்தது, வைக்கோலில் தலையைச் சாய்த்துவிட்டது. பரமானந்தம் ஸ்வேதாவுக்குப் போன் போட்டார். அவர் மழையோடு வந்து சேர்ந்தார். கன்றைத் துடைத்து, காம்பைக் கழுவிப் பீய்ச்சினார். மஞ்சளாகக் கெட்டியாகச் சீம்பால் வந்தது. ஆனால் கொஞ்சம்தான்.

"அந்த ரெண்டு வாரத்தோட வேலை" என்றார். "இருக்குறது அத்தனையும் இதுக்குத்தான். ஒரு சொட்டு வெளிய போகக் கூடாது."

கன்றுக்கு விரலைச் சப்பக் கொடுத்துக் காம்புக்குக் கொண்டுபோய், தாங்கிப் பிடித்துக் குடிக்க வைத்தார்கள். நாலாவது முறை அது தானே முட்டியது. மருத்துவர் கை கழுவிக்கொண்டு புறப்பட்டார்.

சைமன் தூக்குவாளியோடு வந்தது அப்போதுதான். "அண்ணே, கன்னு போட்டுருச்சாமே! கெஸ்ட்டுங்க சீம்பால் பாத்ததே இல்லையாம். வெல்லம் போட்டு அவிச்சுத் தர்றேன்னு சொல்லிட்டேன். கொஞ்சம் போல குடுங்க."

பரமானந்தத்தின் முகத்தில் பழைய சிரிப்பு தானாக வந்தது. உதடு 'வந்து' என்று குவிந்தது. பின்னால் கன்று சப்பும் சத்தம் கேட்டது.

"இல்ல தம்பி" என்றார்.

சொல்லிவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டார். சைமன் என்ன சொல்வான், தெரு என்ன சொல்லும், மலை இடிந்து விழுமோ என்று காத்திருந்தார்.

"சரிண்ணே" என்றான் சைமன். தூக்குவாளியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டான்.

அவ்வளவுதானா? பரமானந்தத்துக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கொட்டகைக்குள் வந்தார். "பாத்தியா லீமா? என் வாழ்க்கையில முதல் தடவையா ஒருத்தர்கிட்ட நெசமா இல்லன்னு சொல்லிட்டேன்."

லீமா கன்றின் முதுகைச் சாக்கால் துடைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"முதல் தடவையா? கிறிஸ்துமஸுக்கு வருவீங்களான்னு நான் வருசா வருசம் கேட்டப்பல்லாம் என்ன சொன்னீங்க?"

வெளியே மூடுபனி வாசல்வரை வந்திருந்தது. பரமானந்தம் வாளியை எடுத்தார், வைத்தார்.

"காபி போட்டுக் கொண்டாரட்டுமா?" என்றார்.

"பால் இருக்கா?"

அவர் யோசித்தார். "இல்ல" என்றார். "கடுங்காபிதான்."

"வெரசாக் கொண்டாங்க" என்றாள் லீமா.