மழை சொல்லும் கால்

பிள்ளையார்பாளையத்தில் அந்த ஒரு தெருவுக்கு மட்டும் மழைச் செய்தி ரேடியோவிலிருந்து வராது, ஒரு காலிலிருந்து வரும். ரேடியோ இல்லாமல் இல்லை. முனை டீக்கடையில் ஒன்று நாள் பூரா கத்திக்கொண்டுதான் இருக்கும். வட மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் மழை பெய்யலாம் என்று அது சொல்லும். பெய்யலாம் என்றால் பெய்யாமலும் போகலாம். ஓரிரு இடம் என்றால் திண்டிவனமா, திருத்தணியா? இதை நம்பி எந்த நெசவுக்காரன் தறிக்குப் போகிற பட்டுப் பாவைத் தெருவில் நீட்டுவான்? கால் அப்படி வழவழவென்று பேசாது. வலித்தால் மழை, வலிக்காவிட்டால் வெயில். அதோடு முடிந்தது.

அந்தக் காலுக்குச் சொந்தக்காரன் தேவசகாயம். முசரவாக்கம் காலனிக்காரன். தெருவே அந்தக் காலைத் தன் சொத்து மாதிரி நினைத்ததால், சொந்தக்காரன் என்பதுகூடக் கொஞ்சம் அதிகம்தான். காலை உடம்போடு சேர்த்துச் சுமந்து வருகிறவன் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

பாவு நீட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கவலை புரியும். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பட்டு இழைகளை விடியும்போதே தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, மூங்கில் கவைக்கட்டைகள் மேல் தாங்கவிட்டு, அரிசிக் கஞ்சி தடவிக் காயவைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழை, ஒவ்வொன்றும் தலைமுடியைவிட மெலிசு. காய்கிற நேரத்தில் நாலு தூறல் விழுந்தால் போதும். கஞ்சி இளகி இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அதைத் தறியில் ஏற்றினால் நெய்கிறவன் நெய்யமாட்டான், அறுந்த இழைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே கிழவனாகிவிடுவான்.

தேவசகாயம் அந்தத் தெருவுக்கு முதலில் வந்தது கவைக்கட்டை தூக்கத்தான். இடது காலை இழுத்துத்தான் நடப்பான். வாலிபத்தில் நுங்கு வெட்ட பனைமரம் ஏறி, பாதி மரத்தில் பிடி விட்டு, மரத்தைக் கட்டிக்கொண்டே சறுக்கி இறங்கியவன். நெஞ்சில் பட்ட சிராய்ப்பெல்லாம் ஆறிவிட்டது. கெண்டைக்காலில் முள் மாதிரி ஏறிய பனஞ்சிலாம்பு மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது. மேலே தோல் மூடிக்கொண்டது. காற்றில் ஈரம் ஏறினால் அந்த இடம் வீங்கும், நரம்பைப் பிடித்து முறுக்கும்.

வந்த புதிதில் ஒரு நாள், வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. நெசவுக்கார ஆதிகேசவ முதலியார் பாவை நீட்டப் போனார். தேவசகாயம் கட்டையைக் கீழே வைத்துவிட்டு, கால் வலிக்குது மொதலியாரே, மழை வந்தாலும் வரும் என்றான். எல்லாரும் சிரித்தார்கள். முதலியாருக்கு மட்டும் அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. பாவைச் சுருட்டி வைத்தார். பக்கத்து வீட்டுக்காரர் நீட்டினார். பத்து மணிக்குள் கொட்டித் தீர்த்துவிட்டது. அன்றைக்கு அழுதது பக்கத்து வீடு, அதிர்ஷ்டம் அடித்தது தேவசகாயத்துக்கு.

அதிலிருந்து அவன் மரியாதையே வேறு. விடிகாலையில் சைக்கிளில் ஆள் போய் அவனைக் கேரியரில் உட்காரவைத்துக் கூட்டி வரும். காலனிக்காரனைக் கேரியரில் ஏற்றலாமா என்று யாரும் கேட்கவில்லை. கால் ஏறும்போது மீதி உடம்பும் ஏறித்தானே ஆகவேண்டும். வாசலில் உட்காரச் சொல்லி சூடாகக் காப்பி கொடுப்பார்கள். "கால் இன்னாப்பா சொல்லுது?" என்று கேட்பார்கள். உனக்கு எப்படி இருக்குது என்று கேட்டவர் ஒருத்தரும் இல்லை.

ஐப்பசியில் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நெளிவான். தெருவே திருப்தியாகத் தலையாட்டும். நல்ல கால்ப்பா, சொன்னால் சொன்னதுதான் என்பார்கள். ஒரு தடவை அவன் காலில் வேப்பெண்ணெய் வாசனை அடித்தது. ஆதிகேசவ முதலியாரின் சம்சாரம் கிருஷ்ணவேணியம்மாள் பதறிப்போய் வெளியே வந்தாள்.

"எண்ணெ கிண்ணெ தேய்க்காதப்பா. மழுங்கிப்பூடும்."

கெட்ட மனசு இல்லை அந்தம்மாளுக்கு. கத்தியைத் தண்ணியில் போடாதே என்று சொல்கிற மாதிரி சொன்னாள். தேவசகாயமும் சரிம்மா என்று தலையாட்டிவிட்டு, அன்றிலிருந்து எண்ணெய் தடவுவதை நிறுத்திவிட்டான். இதைக் கேட்டபோது அவன் சம்சாரம் லில்லி அடுப்பில் இருந்த குழம்பை அப்படியே விட்டுவிட்டு வெளியே போய் நின்றாள். குழம்பு அடிப்பிடித்தது.

அறுபத்தெட்டாம் வருஷம் தை மாசம் கால் பழுத்துக்கொண்டது. ஜுரம் தூக்கியது. லில்லி யாரையும் கேட்கவில்லை. பஸ் ஏற்றி வெளியூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் கீறி, விரல் நீளத்துக்கு ஒரு சிலாம்பை எடுத்துக் காட்டினார். கருகருவென்று, வெளியே விட்டால் இன்னொரு பனைமரமாக முளைத்துவிடும் போல இருந்தது. லில்லி அதை வாங்கி ஆஸ்பத்திரிச் சாக்கடையில் போட்டு, மேலே துப்பிவிட்டு வந்தாள்.

தெருவில் கேட்டவர்களுக்கு, மச்சினி வீட்டு விசேஷத்துக்குப் போனதாகச் சொன்னான்.

புண் ஆறியதும் ஆச்சரியம் அவனுக்குத் தாங்கவில்லை. குத்துக்காலிட்டு உட்கார முடிந்தது. ஏரிக்கரையில் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து ஓடிப் பார்த்தான். ஓடியது மட்டுமில்லை, குதித்தும் பார்த்தான். ஒரு எருமை மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது. வீட்டுக்கு வந்து லில்லியிடம் சொன்னபோது அவன் முகம் பிள்ளை முகமாக இருந்தது. இனிமே அந்தத் தெரு நமக்கு வாணாம்யா என்றாள் அவள்.

மறுநாள் சைக்கிள் வந்தது. கேரியரில் உட்கார்ந்தான். தெரு முனையில் இறங்கியதும் இடது கால் தானாக இழுத்துக்கொண்டு நடந்தது. யாரும் சொல்லித் தரவில்லை. வலி போய்விட்டது, நொண்டி மட்டும் தங்கிவிட்டது.

அவனை ஏமாற்றுக்காரன் என்று சொல்லிவிடலாம், சுலபம். ஆனால் அந்தத் தெருவில் கால் இல்லாவிட்டால் அவன் யார்? கட்டை தூக்கக் காலனியில் நூறு பேர் இருந்தார்கள். வாசலில் உட்காரவைத்துப் பேர் சொல்லிக் கூப்பிட, முதலியார் வீட்டுப் பெண் காந்தா கோலத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வந்து காப்பி நீட்ட, பாவு நீட்டலாமா என்று பெரிய மனுஷர்கள் அவன் வாயைப் பார்த்து நிற்க, இதெல்லாம் அந்தச் சிலாம்பு சம்பாதித்துக் கொடுத்தது.

அதனால் கள்ளத்தனமாக மழை படிக்க ஆரம்பித்தான். எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு சுவரில் ஏறுகிறதா என்று பார்ப்பான். தும்பி தாழப் பறக்கிறதா என்று பார்ப்பான். பட்டைத் தூக்கிப் பார்த்தாலும் தெரியும் என்று கண்டுபிடித்தான். பட்டு ஒரு விசித்திரமான சரக்கு, காற்றிலிருந்து ஈரத்தைத் திருட்டுத்தனமாகக் குடிக்கும். தொட்டால் காய்ந்த மாதிரியே இருக்கும், எடை மட்டும் ஏறியிருக்கும். கட்டை தூக்குகிற சாக்கில் சுற்றிக் கட்டிய ஒரு நூல் சிட்டத்தைக் கையில் எடுத்து, குழந்தையைத் தாலாட்டுகிற மாதிரி லேசாக ஆட்டிப் பார்ப்பான்.

எறும்புக்கும் தும்பிக்கும் தேவசகாயத்தைக் காப்பாற்றவேண்டும் என்று என்ன தலையெழுத்து? சந்தேகம் வந்தால் வலிக்குது என்று சொல்லிவைத்தான். பாவைச் சுருட்டுவார்கள், வெயில் பல்லைக் காட்டும். இப்படி அடிக்கடி ஆனது. கால் வரவரத் தொணதொணக்குதே என்று முதலியாரின் தம்பி பழனி முனகினான். ஒரு நாள் தேவசகாயம் நினைப்பெல்லாம் எங்கேயோ இருந்து, இடதுக்குப் பதில் வலது காலை இழுத்துக்கொண்டு தெரு முழுக்க நடந்துவிட்டான். பாதியில் அவனுக்கே தெரிந்து வியர்த்துவிட்டது. ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. அத்தனை வருஷத்தில் எந்தக் கால் என்றுகூட யாரும் பார்த்துவைக்கவில்லை.

பங்குனியில் காந்தாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. வைகாசியில் முகூர்த்தம். ஆதிகேசவ முதலியார் ஊருக்கெல்லாம் முகூர்த்தப் புடவை நெய்தவர், தன் வீட்டுக்கு இதுதான் முதல் தடவை. உடல் சந்தன நிறம், கரை அரக்கு. சாயம் போட்ட அன்றைக்கு நூலை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். முகூர்த்தப் பாவு கெட்டால் ஆகாது என்று கிருஷ்ணவேணியம்மாள் சாமி அறையில் மஞ்சள் துணியில் காசு முடிந்துவைத்தாள்.

சித்திரையில் ஒரு விடிகாலை. தெரு கூட்டித் தண்ணி தெளித்திருந்தது. முதலியார் தானே சைக்கிளில் போய் தேவசகாயத்தைக் கூட்டி வந்தார். அவன் எறும்பைப் பார்த்தான், எறும்பு சும்மா இருந்தது. தும்பியே காணோம். சிட்டத்தைத் தூக்கினான். கனமா, இல்லையா? அன்றைக்கு ஒன்றும் பிடிபடவில்லை. காந்தா வாசலில் நின்று அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். என்னை நம்பாதீங்க மொதலியாரே, கால் செத்துப்பூடுச்சு என்று சொல்லத்தான் நினைத்தான்.

"இன்னாப்பா, வலிக்குதா?" என்றார் முதலியார். குரல் கெஞ்சியது.

"வலிக்கல, மொதலியாரே."

தை மாசத்துக்குப் பிறகு அந்தத் தெருவில் அவன் வாயில் வந்த உண்மை அந்த ஒரு வார்த்தைதான்.

பாவு நீண்டது. கஞ்சி தடவினார்கள். வெயில் ஏறி, இழைகள் பொன் மாதிரி மினுங்க ஆரம்பித்த நேரத்தில், பாலாற்றுப் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. அதன் பின்னாலேயே கோடை மழை வந்தது. தூறல் கீறல் என்று மரியாதையெல்லாம் பார்க்கவில்லை, எடுத்த எடுப்பில் கொட்டியது.

தெருவே கத்திக்கொண்டு ஓடி வந்தது. பாவின் ஒரு முனை அவிழ்ந்து தரையை நோக்கித் தொங்கியது. மறு முனையில் நின்ற தேவசகாயம் ஓடினான். தெரு நீளம் முழுக்க, சேற்றில் சறுக்காமல், கவைக்கட்டைகளைத் தாண்டித் தாண்டிக் குதித்து, பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஓடினான். விழப்போன முனையை மண்ணில் படாமல் பிடித்து, மாரோடு அணைத்துச் சுருட்டிக்கொண்டே திரும்பி வந்தான். பாதிப் பாவு பிழைத்தது. அப்புறம்தான் தெரு அமைதியாக இருப்பது அவனுக்கு உறைத்தது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. நனைந்துகொண்டே நின்ற எல்லாரும் அவன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் சட்டென்று இடது காலை இழுத்து ஒரு எட்டு வைத்தான். பழக்கம்தான். பழனி சிரித்துவிட்டான், அது நல்ல சிரிப்பாக இல்லை.

முதலியார் அடிக்கவில்லை, திட்டவுமில்லை. எப்போலேர்ந்து என்று கேட்டார். தை மாசம் என்றான். ஆஸ்பத்திரி, டாக்டர் எல்லாம் சொன்னான். அவர் ஈரத் தலையைத் துடைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தச் சிலாம்பு எங்க?"

"சாக்கடையில போட்டுட்டா, மொதலியாரே."

"வச்சிருக்கலாமேப்பா" என்றார் அவர். காந்தா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிழைத்த பாதியை கிருஷ்ணவேணியம்மாள் தறியில் ஏற்றவிடவில்லை. நனைந்த பாவில் தாலி ஏறவேண்டாம் என்றாள். வைகாசியில் காந்தா வேறு யாரோ நெய்து விற்ற புடவையில் மணையில் உட்கார்ந்தாள். பார்த்தவர்கள் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. முதலியார் மட்டும் புடவையைப் பார்க்காமல் அட்சதை போட்டார்.

தேவசகாயத்துக்கு அந்தக் கல்யாணச் செய்திகூட வேறு ஆள் சொல்லித்தான் தெரியும். சைக்கிள் வருவது நின்றுபோனது. ஒரு நாள் அவனே நடந்து போனான். நிமிர்ந்து, இழுக்காமல் நடந்தான். தெருவில் யாருடைய பாவோ நீட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு கவைக்கட்டையைத் தூக்கினான். பழனி வந்து அதை அவன் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டான்.

"நீ போப்பா. உனக்குத்தான் நல்லாயிடுச்சே."

ரெண்டு கையையும் என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினான்.

லில்லி சொல்லிவைத்து வாலாஜாபாத் அரிசி மில்லில் வேலை கிடைத்தது. மூட்டை தூக்க ரெண்டு நல்ல கால் வேண்டும், அது இருந்தது. மில் மேஸ்திரி அவனை ஏய் என்று கூப்பிட்டார். மத்தியானம் தொட்டித் தண்ணியைக் கையில் அள்ளிக் குடித்தான். மழை வந்தால் எல்லாரோடும் சேர்ந்து நனைந்தான், எல்லாரையும் போல அவனுக்கும் நனைந்த பிறகுதான் தெரிந்தது. சில நாள் லில்லி சந்தோஷமாக அவன் காலைத் தொட்டுப் பார்ப்பாள். அவன் வேறு பக்கம் திரும்பிக்கொள்வான்.

அடுத்த ஐப்பசியில் ஆதிகேசவ முதலியார் அரிசி வாங்க மில்லுக்கு வந்தார். முதுகில் மூட்டையோடு தேவசகாயம் எதிரே வந்துவிட்டான். ரெண்டு பேரும் நின்றார்கள். வடகிழக்கில் மேகம் கறுத்திருந்தது. அதைப் பார்த்த முதலியார் பழைய ஞாபகத்தில் அவன் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார். பார்வை அவன் கால் வரைக்கும் இறங்கி, அங்கேயே கொஞ்சம் தங்கியது.

"நல்லா இருக்கியாப்பா?" என்றார்.

அந்த மனுஷர் அவனிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. மூட்டை கனத்தது.

"நல்லா இருக்கேன், மொதலியாரே."

துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி அவர் தலையை ஆட்டினார். குடையை விரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல், கையில் மடக்கிப் பிடித்தபடியே ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.