மலையைச் சுற்றி வந்த கல்

தொண்ணூறுகளில் பௌர்ணமிதோறும் மலையைச் சுற்ற எங்கள் ஊருக்குக் கூட்டம் வர ஆரம்பித்தது. அதே சமயத்தில் என் இடது கிட்னியில் ஒரு கல்லும் வந்து குடியேறியது. வாடகை தராத ஆள். வலி வந்தால் கூடத்தில் சுவருக்குச் சுவர் உருண்டு அங்கப்பிரதட்சணமே செய்துவிடுவேன்.

டாக்டர் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தண்ணி ஜாஸ்தி குடிங்க, நல்லா நடங்க. விழுந்தா வடிகட்டியில புடிச்சுட்டு வாங்க. அடுத்த வாரத்துக்குள்ள விழலைன்னா கிழிச்சு எடுத்துடலாம்."

ஊசியைப் பார்த்தாலே மயங்குகிறவன் நான். 'கிழிச்சு' என்றதும் பாதி உயிர் அங்கேயே போனது.

அந்த வாரமே பௌர்ணமி. மனைவி பார்க்காத நேரமாக டீ வடிகட்டியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, வயிறு முட்ட வாழைத்தண்டுச் சாறு குடித்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் வெறுங்காலோடு கிளம்பினேன்.

பாதி வழியில் சாறு வேலையைக் காட்டியது. புதர் ஓரம் ஒதுங்கினால் புதுச் சிக்கல். எங்களுக்கு மலையே சிவன். அவரைப் பார்த்தபடி போகக் கூடாது. முதுகைக் காட்டினாலும் மரியாதை இல்லை. கடைசியில் நண்டு மாதிரி பக்கவாட்டில் நின்றேன். சுருக்கென்று ஒரு வலி. வடிகட்டியில் 'டிங்'.

பாதி மிளகு அளவுதான். அதைத் தீப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, தேரை நானே இழுத்து நிலையில் சேர்த்த தோரணையில் மீதி வழியை நடந்தேன்.

வாசலிலேயே மனைவியிடம், "கல்லு எடுத்துட்டு வந்துட்டேன்," என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. "மலைக் கல்லையா? அதை வீட்டுக்கு எடுத்துட்டு வரக் கூடாதுனு தெரியாதா? திரும்பப் போய் எடுத்த எடத்துலயே போட்டுட்டு வாங்க."

"மலையோடது இல்லடி. நான் பெத்தது."

தீப்பெட்டியைத் திறந்து பார்த்தாள். "இத்துனூண்டுக்கா அந்த உருளு உருண்டீங்க?" சிரித்தவள், என் சட்டைக்குள் எட்டிப் பார்த்த கைப்பிடியைக் கண்டதும் நிறுத்தினாள். "அது நம்ம டீ வடிகட்டியா?"

மறுநாள் டாக்டர் இன்னொரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "கத்தி வேணாம், வீட்டுக்குப் போங்க," என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் இருந்தே மலை தெரிந்தது. இந்த முறை நேருக்கு நேராக நின்று கும்பிட்டேன். பிறகு பாத்திரக் கடைக்குப் போய்ப் புது வடிகட்டி வாங்கினேன்.